மொட்டையாக நிற்கிற மக்னோலியா பட்டுப்போன மரம் இல்லை

அண்ணா, தென்னாப்பிரிக்கா பீட்டர்மாரிட்ஸ்பர்க் தங்கச்சி போட்ட மொட்டை மக்னோலியா மரத்தின் படத்துக்கு, "மக்னோலியா இலை உதிர்க்காது, ஜூனில் மொட்டையானால் பட்டுப்போச்சு, வெட்டிடுங்க" என்று எழுதியிருக்கிறீர்கள். அது தவறு. தயவுசெய்து மாற்றுங்கள், நம்பி வெட்டிவிடப் போகிறார்கள்.

இலை உதிர்க்காதது மக்னோலியா கிராண்டிஃப்ளோரா என்ற வகை. அதன் இலை தடிப்பு, மேலே பளபளப்பு, அடியில் பெரும்பாலும் துருநிறம். படத்தில் கீழே கிடக்கும் இலையைப் பெரிதாக்கிப் பாருங்கள்: முழங்கை நீளம், மெல்லியது, அடிப்புறம் வெளுப்பு, காம்பு சேருமிடத்தில் இருபுறமும் காது மடல் போல ஒரு வளைவு. அந்த வளைவுதான் முக்கியம். இது மக்னோலியா மேக்ரோஃபில்லா. தென்கிழக்கு அமெரிக்க மரம், இலை 80 செ.மீ. வரை நீளும், குளிரில் எல்லாவற்றையும் கொட்டிவிடும்; தென்னாப்பிரிக்காவில் ஜூன் குளிர்காலம்தானே. மக்னோலியா ட்ரைபெட்டலா என்ற இன்னொரு வகையும் கொட்டும், ஆனால் அதன் இலை காம்புப் பக்கம் குறுகிக்கொண்டே போகும், மடல் இருக்காது.

தங்கச்சி, ஒரு சிறு கிளையை நகத்தால் லேசாகச் சுரண்டுங்கள். உள்ளே பச்சையும் ஈரமும் இருந்தால் உயிர் இருக்கிறது, வசந்தத்தில் துளிர்க்கும். அடியில் கொத்த வேண்டாம். வேர் சதைப்பற்றானது, சட்டென்று ஒடியும். உதிர்ந்த இலையையே மூடாக்காகப் போடுங்கள், தண்டை ஒட்டாமல். காற்று அடிக்கும் பக்கம் ஏதாவது மறைப்பு வேண்டும், இல்லையென்றால் புது இலை கிழிந்துவிடும்.