யூனிட்டுக்கு ஒரு பைசா: காற்று வீசும் ஊருக்கும் பங்கு வேண்டும்

பச்சை மின்சாரத்துக்குத் தரப்படும் சுற்றுச்சூழல் முத்திரைகளை வெறும் விளம்பரம் என்று ஒதுக்கும் நண்பர்கள் எனக்கு நிறைய இருக்கிறார்கள். அவர்களுடைய சந்தேகத்தை நான் மதிக்கிறேன். ஆனால் அந்த முடிவை ஏற்க மாட்டேன். திருநெல்வேலிச் சீமையில் பிறந்து, பணகுடி, வள்ளியூர், ராதாபுரம் பக்கமெல்லாம் காற்றாடிகள் முளைத்ததைப் பார்த்து வளர்ந்தவன் நான். இந்த முத்திரைகளில் எது நல்லது, எது வெறும் காகிதம் என்று பிரித்துப் பார்க்க வேண்டிய தேவை வேறு யாரையும்விட நமக்குத்தான் அதிகம்.

முதலில் அடிப்படை. பல ஓடைகளிலிருந்து ஒரே குளத்துக்கு வந்து சேர்ந்த தண்ணீரில் எது எந்த ஓடைத் தண்ணீர் என்று மடையில் நின்று சொல்ல முடியுமா? மின்கம்பியும் அப்படித்தான். அனல் மின்சாரமும் காற்று மின்சாரமும் கூடங்குளத்து அணு மின்சாரமும் ஒன்றாகக் கலந்துதான் நம் வீட்டு மீட்டருக்கு வருகின்றன. அதனால் கணக்கைத் தனியாக வைக்கிறார்கள். காற்று, சூரியன் போன்றவற்றிலிருந்து 1 மெகாவாட் மணி, அதாவது 1,000 யூனிட், உற்பத்தியானால் அதற்கு ஒரு சான்றிதழ். ஐரோப்பாவில் இதை மூலச் சான்று என்கிறார்கள். இந்தியாவில் மத்திய மின்சார ஒழுங்குமுறை ஆணையம் 2010-இல் புதுப்பிக்கத்தக்க எரிசக்திச் சான்றிதழ் முறையைக் கொண்டுவந்தது. மின் சந்தைகளில் அது விற்று வாங்கப்படுகிறது. ஒரே யூனிட்டை இரண்டு பேரிடம் பச்சை என்று விற்காமல் இருக்க இந்தக் கணக்கு அவசியம்.

அதற்கு மேல் அந்தச் சான்றிதழ் எதையும் சொல்வதில்லை. முப்பது ஆண்டுகளுக்கு முன் நட்டு, போட்ட பணத்தை எப்போதோ எடுத்துவிட்ட காற்றாடிக்கும் சான்றிதழ் கிடைக்கும். ஆற்றை அடைத்துக் கீழே மீன் இல்லாமல் செய்த நீர்மின் நிலையத்துக்கும் கிடைக்கும். அதை வாங்குவதால் புதிதாக ஒரு காற்றாடியோ ஒரு சூரியத் தகடோ வந்துவிடும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. ஏமாற்று என்று நண்பர்கள் கோபப்படுவது இந்த இடத்தில்தான். அந்தக் கோபம் சரிதான்.

நல்ல முத்திரைகள் இதற்கு மேலே நிற்கின்றன. பின்லாந்தில் பிறந்து, ஹெல்சின்கியைத் தலைமையிடமாகக் கொண்டு பல நாடுகளில் இயங்கும் ஈக்கோஎனர்ஜி என்ற முத்திரையை எடுத்துக்கொள்ளுங்கள். லாப நோக்கில்லாத அமைப்பு நடத்துவது. மின்சாரம் புதுப்பிக்கத்தக்கதாக இருந்தால் மட்டும் போதாது. இயற்கைக் காப்பகங்களிலும் முக்கியமான பறவை வாழிடங்களிலும் நிலையங்கள் இருந்தால் கூடுதல் கேள்விகள் கேட்கிறார்கள். நீர்மின்சாரம் என்றால் ஆற்றின் நிலையைப் பார்க்கிறார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, விற்கும் ஒவ்வொரு மெகாவாட் மணிக்கும் குறைந்தது 10 யூரோ சென்ட் ஒரு காலநிலை நிதிக்குப் போகிறது. அந்தப் பணத்தில் ஆப்பிரிக்கா, ஆசியா, லத்தீன் அமெரிக்கா என்று மின்சாரம் எட்டாத ஊர்களின் பள்ளிகளுக்கும் மருத்துவ நிலையங்களுக்கும் சூரிய மின் வசதி செய்து தருகிறார்கள். நீர்மின்சாரத்துக்குத் தனியாக இன்னொரு பங்கு எடுத்து ஆறுகளைச் சீர்செய்யக் கொடுக்கிறார்கள். சுவிட்சர்லாந்தின் நேச்சர்மேட் ஸ்டார் முத்திரையிலும் நீர்மின்சாரம் வாங்குகிறவர் தரும் சிறு தொகை ஆற்றுச் சீரமைப்புக்குப் போகிறது. அமெரிக்காவில் 1997 முதல் இருக்கும் கிரீன்-இ முத்திரை, பழைய நிலையங்களின் மின்சாரத்தை ஒதுக்கிவிட்டு, பொதுவாகக் கடந்த 15 ஆண்டுகளுக்குள் இயங்கத் தொடங்கியவற்றைத்தான் ஏற்கிறது. புதியவை வருவதற்கு அது ஒரு தூண்டுதல்.

அந்த 10 சென்ட்டை நம் பணத்தில் போட்டுப் பாருங்கள். 1,000 யூனிட்டுக்கு ஏறத்தாழ பத்து ரூபாய். ஒரு யூனிட்டுக்கு ஒரு பைசா! ஒரு பைசாவால் யாருடைய தொழிலும் படுத்துவிடாது. ஆனால் கோடிக்கணக்கான யூனிட்டுகளில் அது சேரும்போது ஏதோ ஒரு மலைக்கிராமத்து மருத்துவ நிலையத்தில் தடுப்பூசிப் பெட்டி இரவிலும் குளிராக இருக்கிறது. இதை விளம்பரம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இனி நம் ஊருக்கு வருகிறேன். மேற்கே மலை சுவராக நிற்க, ஆரல்வாய்மொழிக் கணவாயும் செங்கோட்டைக் கணவாயும் இரண்டு வாசல்களாகத் திறந்திருக்கின்றன. வைகாசியில் தொடங்கிப் புரட்டாசி வரை தென்மேற்குக் காற்று அந்த வாசல்கள் வழியாகப் புகுந்து வருகிறது. குற்றாலத்தில் சாரலாக விழுவதும், முப்பந்தல் முதல் ராதாபுரம் வரையும் அந்தப் பக்கம் சுரண்டை, ஊத்துமலை வரையும் காற்றாடியைச் சுழற்றுவதும் ஒரே காற்றுதான். 1986-இல் தூத்துக்குடிப் பக்கம் அரசு சோதனையாக நட்ட சில காற்றாடிகளில் தொடங்கியது இந்தக் கதை. இன்று தமிழ்நாட்டின் காற்றாலைத் திறன் 10,000 மெகாவாட்டைத் தாண்டிவிட்டது. அதில் பெரும்பங்கு இந்தத் தென்கோடிச் சீமையில் இருக்கிறது.

காற்றாடிகளில் பலவற்றின் உரிமையாளர்கள் கோயம்புத்தூர், திருப்பூர், ராஜபாளையம் பக்கத்து மில்காரர்கள். இங்கே உற்பத்தியாகும் யூனிட் அங்கே அவர்களுடைய மின் கட்டணத்தில் கழிகிறது. அந்த மில்லின் நூல் பனியனாகி வெளிநாட்டுக்குப் போகிறது. வாங்குகிற நிறுவனம் புதுப்பிக்கத்தக்க மின்சாரத்தில் நெய்தது என்று பெருமையாகச் சொல்லிக்கொள்கிறது. சொல்லட்டும், உண்மைதானே. ஆனால் காற்றாடி நிற்கும் புஞ்சைக்காரனுக்கு என்ன வந்தது? ஏதோ ஒரு விலைக்கு நிலத்தை விற்றார், பணம் செலவாகிவிட்டது. ஊரில் இரண்டு பேருக்கு வாட்ச்மேன் வேலை. அவ்வளவுதான்.

எங்கள் பக்கத்தில் காற்றாடிகள் மழை மேகத்தை விரட்டிவிடுகின்றன என்று நம்பும் விவசாயிகள் நிறையப் பேர். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. மழை தரும் மேகம் திரளும் உயரம் எங்கே, நூறு மீட்டர்க் கோபுரம் எங்கே! ஆனாலும் அந்தப் பேச்சைக் கேட்டு நான் சிரித்ததில்லை. தன் தலைக்கு மேலே சுற்றும் ஒரு பொருளால் தனக்கு எந்த நன்மையும் இல்லை, யாரும் வந்து எதையும் விளக்கவும் இல்லை என்கிறபோது மனிதன் தன் நஷ்டத்துக்கு அதையே காரணமாக்குவது இயல்பு.

மேலும், எல்லாமே வீண் பயம் என்றும் சொல்லிவிட முடியாது. எங்கள் ஊருக்கு அருகே காற்றாடி ஏற்றி வரும் நீளமான லாரிகளுக்காக ஒரு நிறுவனம் கிராவல் சாலை போட்டது. குளத்துக்கு வரும் ஓடையின் குறுக்கே மண்ணைக் கொட்டி, அடியில் போதிய குழாய் பதிக்காமல் போய்விட்டார்கள். ஐப்பசி மழையில் தண்ணீர் குளத்தை விட்டுவிட்டு வேறு பக்கம் பாய்ந்தது. ஊரார் பலமுறை அலைந்த பிறகுதான் குழாய் வந்தது. சட்டத்தில் இதற்கு முன்கூட்டியே தடை போட வழி குறைவு. மத்திய அரசின் 2006-ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையில் காற்றாலை இடம்பெறவே இல்லை. முன் அனுமதி வேண்டாம், மக்கள் கருத்துக்கேட்புக் கூட்டமும் வேண்டாம். நிலக்கரியோடு ஒப்பிட்டால் காற்றாலையின் தீங்கு மிகக் குறைவு என்பதால் வந்த சலுகை அது. சலுகையை நான் எதிர்க்கவில்லை. ஆனால் சட்டம் கேட்காத கேள்வியை வேறு யாராவது கேட்க வேண்டுமே. முத்திரையின் வேலை அதுதான்.

கூந்தன்குளத்தை நினைத்துப் பாருங்கள். நாங்குநேரிக்குப் பக்கத்தில், மஞ்சள் மூக்கு நாரையும் கூழைக்கடாவும் ஊருக்குள் வீட்டு மரங்களிலேயே கூடு கட்டும் இடம். பறவைகள் கலைந்துவிடக் கூடாது என்று தீபாவளிக்கு வெடி வெடிக்காத ஊர். 2022-இல் அது உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. குளத்துக்குக் குளம் இரை தேடிப் பறக்கும் அந்தப் பறவைகளுக்குச் சரணாலயத்தின் எல்லைக் கல் தெரியாது. ராஜஸ்தானில் மின்கம்பிகளில் மோதிச் சாகும் கானமயில்களுக்காக 2021-இல் உச்ச நீதிமன்றமே தலையிட வேண்டியிருந்தது. அங்கே அழிவின் விளிம்பு வரை போன பிறகு வந்த விழிப்பு, இங்கே முன்பே வரட்டும் என்கிறேன். குளங்களுக்கு நடுவே போகும் கம்பிகளில் பறவையின் கண்ணில் படும்படி அடையாளத் தட்டுகள் மாட்டுவது பெரிய செலவில்லை.

நீர்மின்சாரத்திலும் இதே கேள்வி உண்டு. பாபநாசம் மின் நிலையம் 1944 முதல் ஓடுகிறது. தாமிரபரணித் தண்ணீரில் ஓடும் மின்சாரத்தை நாளை யாராவது பச்சை என்று விற்றால், அதில் ஒரு பங்கு அந்த ஆற்றுக்கே திரும்ப வேண்டாமா? ஆற்றில் கலக்கும் சாக்கடையைப் பார்த்த யாரும் வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள்.

இப்போது இதைப் பேச ஒரு காரணம் இருக்கிறது. பழைய சிறு காற்றாடிகளை எடுத்துவிட்டுப் பெரியவற்றை நடுவதற்கான கொள்கையைத் தமிழ்நாடு அரசு 2024-இல் வெளியிட்டது. தொண்ணூறுகளில் நட்ட 250 கிலோவாட் இயந்திரங்கள், நல்ல காற்று வரும் இடத்தையெல்லாம் பிடித்துக்கொண்டு, குறைவாக உற்பத்தி செய்துகொண்டிருக்கின்றன. அவை மாறத்தான் வேண்டும். மாறும்போது சாலையும் கம்பியும் அடித்தளமும் புதிதாக வரும். நிபந்தனை கேட்பதற்கு இதைவிட நல்ல நேரம் கிடையாது.

காற்றாடி நிற்கும் ஊருக்கு அந்த ஒரு பைசா வந்தால் என்ன ஆகும் என்று ஒரு கணக்கு சொல்கிறேன். 2 மெகாவாட் காற்றாடி ஒன்று ஆண்டுக்கு 4,000 மெகாவாட் மணி தருகிறது என்று வைத்துக்கொள்வோம். 40 லட்சம் யூனிட். யூனிட்டுக்கு ஒரு பைசா என்றால் 40,000 ரூபாய். ஒரு பஞ்சாயத்து எல்லையில் அப்படி 25 நின்றால் ஆண்டுக்கு 10 லட்சம். குளத்துச் சீமைக்கருவேலத்தை வேரோடு எடுக்கலாம், மடை பழுது பார்க்கலாம், ஓடைக்குக் குறுக்கே சிறு பாலம் கட்டலாம், ஆரம்ப சுகாதார நிலையத்தின் கூரையில் சூரியத் தகடு வைக்கலாம். கணக்கை கிராம சபையில் வாசிக்க வேண்டும் என்பது மட்டும் கட்டாயமாக இருக்க வேண்டும்.

வெளிநாட்டு முத்திரைக்கு நாம் ஏன் காத்திருக்க வேண்டும் என்று கேட்கலாம். காத்திருக்க வேண்டாம். முத்திரை என்பது வாங்குகிறவர் கேட்கும் கேள்வியிலிருந்து பிறப்பது. பின்லாந்திலும் சுவீடனிலும் அதைத் தொடங்கியவை இயற்கைப் பாதுகாப்புச் சங்கங்கள்தான், அரசாங்கங்கள் அல்ல. நம்மிடமும் குளத்துப் பறவைகளை ஆண்டுதோறும் எண்ணும் தன்னார்வலர்கள் இருக்கிறார்கள், பாசன சங்கங்கள் இருக்கின்றன, ஓடைகளின் பெயர் தெரிந்த பெரியவர்கள் இருக்கிறார்கள்.

திருப்பூரில் ஏற்றுமதி நிறுவனங்களில் வேலை பார்க்கும் நம் ஊர்ப் பிள்ளைகள் பலர் இதைப் படிப்பீர்கள். வெளிநாட்டிலிருந்து வரும் கேள்விப் படிவத்தில் மின்சாரம் எங்கிருந்து வருகிறது என்ற பகுதி உங்கள் கையில்தான் நிரம்புகிறது. சதவீதத்தை எழுதிவிட்டு நிறுத்திவிடாதீர்கள். காற்றாடி நிற்கும் ஊரின் பெயரை எழுதுங்கள், அந்த ஊருக்கு நிறுவனம் என்ன செய்கிறது என்று மேலாளரிடம் ஒரு தடவை கேளுங்கள். ராதாபுரம், வள்ளியூர், ஆலங்குளம் வட்டாரத்தில் இருப்பவர்கள், உங்கள் ஊரில் காற்றாடிச் சாலை எந்தெந்த ஓடையைக் கடக்கிறது, அடியில் குழாய் இருக்கிறதா என்று பார்த்துப் படத்தோடு கீழே எழுதுங்கள். அடுத்த கிராம சபைக்கு முன் எல்லாவற்றையும் தொகுத்து மனுவாகத் தருகிறேன்.