38 டாலர் மிச்சம்!

காலைல கண்ணு முழிச்சதும் குடும்ப வாட்ஸ்அப் குரூப்ல சகலைகிட்டேருந்து மெசேஜ். "அடுத்த க்ரூஸ் ஃப்ளோரிடாவுல போர்ட் கெனாவரல் துறைமுகத்துலேருந்து. ஆர்லாண்டோ டிக்கெட் விலை எகிறிக்கிடக்கு. பக்கத்துல சான்ஃபோர்டுன்னு ஒரு ஏர்போர்ட் இருக்கு, செம சீப். எல்லாருக்கும் போட்டுடவா?" கீழே மாமனார் கைதட்டுற எமோஜி. மாமியார் ரெண்டு ரோஜாப்பூ. என் வீட்டம்மா, அந்த நாளை என் பக்கத்துல உக்காந்து அனுபவிச்ச அதே மனுஷி, கட்டைவிரலைத் தூக்கியிருக்கா.

போன தடவை மயாமி க்ரூஸுக்கும் இவரு இப்படித்தான் சீப்னு ஃபோர்ட் லாடர்டேல் ஏர்போர்ட்டுக்கு டிக்கெட் போட்டாரு. அதுல பட்டதே இன்னும் செரிக்கல எனக்கு. அதுக்குள்ள சான்ஃபோர்டாம்! அது ஆர்லாண்டோவுக்கு வடக்கே கிடக்கு. துறைமுகம் கிழக்கே கடலோரத்துல. ஆர்லாண்டோவோட பெரிய ஏர்போர்ட்லேருந்தே போர்ட் கெனாவரலுக்கு 45 மைல், பீச்லைன் ரோட்டுல சுங்கம் கட்டிக்கிட்டே போகணும். சான்ஃபோர்டுலேருந்து அதைவிடத் தூரம். மேப் பார்க்கத் தெரியாதவரா அவரு? சாஃப்ட்வேர் ஆர்க்கிடெக்ட். ஆனா டிக்கெட் விலை கண்ணுல பட்ட நிமிஷம் மேப் மறைஞ்சு போயிடும்.

உங்க வீட்டுலயும் ஒருத்தர் இருப்பாரு, எனக்குத் தெரியும். டிக்கெட் தேடுற தளத்துல "பக்கத்து விமான நிலையங்களையும் காட்டு"ன்னு ஒரு சின்னக் கட்டம் இருக்குமே, அதுல டிக் அடிக்கிறதுக்குன்னே பொறந்தவரு. மயாமின்னு தேடினா அது ஃபோர்ட் லாடர்டேலைக் காட்டும். கூச்சநாச்சம் இல்லாம வெஸ்ட் பாம் பீச்சையும் காட்டும். அங்கேருந்து மயாமி துறைமுகத்துக்குக் கிட்டத்தட்ட 70 மைல்! அந்தக் கட்டத்தைக் கண்டுபிடிச்ச மகராசனை சாயங்காலம் அஞ்சு மணிக்கு ஐ-95 நெடுஞ்சாலையில இறக்கி, வெஸ்ட் பாம் பீச்லேருந்து மயாமி வரைக்கும் ஓட்டிட்டு வாப்பான்னு விடணும். பின்சீட்ல என் மாமனாரை உக்கார வச்சு.

கணக்கு எல்.கே.ஜி. கணக்குங்க. அந்தத் தடவை நம்ம கப்பல் மயாமி துறைமுகத்துலேருந்து. மயாமி ஏர்போர்ட் அங்கேருந்து 8 மைல். ரோடு காலியா இருந்தா கால் மணி, இருபது நிமிஷம். ஃபோர்ட் லாடர்டேல் ஏர்போர்ட் கிட்டத்தட்ட 30 மைல். இதுவே கப்பல் ஃபோர்ட் லாடர்டேலோட துறைமுகமான போர்ட் எவர்கிளேட்ஸ்லேருந்து கிளம்புதுன்னா ஃபோர்ட் லாடர்டேல் ஏர்போர்ட்டைக் கண்ணுல ஒத்திக்கலாம். ரெண்டு மைல்தான், பத்து நிமிஷம். கப்பலோட மேல்தளத்துல நின்னா விமானம் இறங்குறது தெரியும். ஆனா நம்ம கப்பல் அங்கே நிக்கலையே சாமி!

இதை நான் சொல்லாம இருந்திருந்தா பரவாயில்ல. குரூப்ல எழுதினேன். போன்ல சொன்னேன். ஒரு ஞாயித்துக்கிழமை அவங்க வீட்டு டைனிங் டேபிள்ல உப்பு டப்பாவை இந்தக் கோடியில வச்சு "இது கப்பல்"னேன், மிளகு டப்பாவை அந்தக் கோடியில வச்சு "இது நீங்க சொல்ற ஏர்போர்ட்"னேன். மனுஷன் நிதானமா மிளகு டப்பாவை எடுத்து ஆம்லெட்ல தூவிக்கிட்டு சொல்றாரு: "டிக்கெட்டுக்கு 38 டாலர் மிச்சம் தம்பி."

ஒம்போது பேரு. 342 டாலர். அந்த 342 டாலரோட ஆயுளைக் கேளுங்க. அந்த ஏர்லைன்ல சீட்டுக்கு அடியில போற பை மட்டும்தான் இலவசம். தலைக்கு மேல வைக்கிற பெட்டிக்குக் காசு. மாமனாரும் மாமியாரும் பக்கத்துப் பக்கத்துல உக்காரணும்னா காசு. தண்ணி பாட்டிலுக்குக் காசு. விமானம் தரையை விட்டு எழும்புறதுக்கு முன்னாடியே 342 செத்துப்போச்சு. "அதெல்லாம் வேற கணக்கு தம்பி"ங்கிறாரு. எந்த ஊரு ஆடிட்டர்கிட்ட படிச்சாரோ!

சரி, ஏர்போர்ட்டுதான் போச்சு, முந்தின நாளாவது போயிடலாம்னு கெஞ்சினேன். ஃப்ளோரிடா மழையை நம்பக் கூடாதுங்க. 2023 ஏப்ரல் 12 அன்னிக்கு ஃபோர்ட் லாடர்டேல்ல ஒரே நாள்ல 25 அங்குலத்துக்கு மேல கொட்டித் தீர்த்துச்சு. ஏர்போர்ட்டையே மூடிட்டாங்க, 14ஆம் தேதி காலைலதான் திறந்தாங்க. இதைச் சொன்னா, "நமக்குன்னா அப்படியெல்லாம் நடக்காது தம்பி. ஒரு ராத்திரி ஹோட்டல் வாடகை தண்டம்." ஆக, கப்பல் கிளம்புற அன்னிக்குக் காலைல ஃபிளைட்.

11:40க்கு இறங்கிட்டோம். அவரு என்னைத் திரும்பிப் பார்த்து ஒரு சிரிப்பு சிரிச்சாரு பாருங்க. அந்தச் சிரிப்பு முடியுறதுக்குள்ள வெளியே மின்னல். பக்கத்துல எங்கயாவது மின்னல் வெட்டினா விமானத்துக்கிட்ட வேலை செய்யுறவங்களை உள்ளே கூப்பிட்டுக்குவாங்க, அது நியாயம்தான். ஆனா விமான வயித்துல கிடக்குற பெட்டி அங்கயே கிடக்கும். கன்வேயர் பெல்ட் காலியா சுத்துது. முந்தின ஃபிளைட்டுல வந்த ஒரு பச்சை டஃபிள் பை மட்டும் திரும்பத் திரும்ப நம்மளைப் பார்க்க வருது. மாமியார் அதுகிட்ட "மறுபடியும் வந்துட்டியா"ன்னு பேசவே ஆரம்பிச்சுட்டாங்க. பெட்டி கைக்கு வந்தப்போ மணி ஒண்ணு.

ஒம்போது பேரும் பெட்டிகளும் ஒரே வண்டியில அடங்காது. ரெண்டு வேன். ஒண்ணை நான் புக் பண்ணினேன்: நான், வீட்டம்மா, பையன், மாமனார், மாமியார். இன்னொண்ணை அவரு: அவரோட குடும்பம், பெரிய பெட்டி எல்லாம், அப்புறம் எங்க ஒம்போது பேரோட பாஸ்போர்ட்டும். ஏன்னா "ஒரே இடத்துல இருந்தாத்தான் பத்திரம்"னு ஒரு ப்ளாஸ்டிக் ஃபோல்டர்ல போட்டு அவருதான் வச்சிருந்தாரு.

வேன் கிளம்பிப் பத்து நிமிஷம்கூட ஆகல. ஐ-95ல ஹாலிவுட்கிட்ட (ஃப்ளோரிடாவுலயும் ஒரு ஹாலிவுட் இருக்குங்க, அங்கே சினிமா கிடையாது, டிராஃபிக் மட்டும்தான்) ஊர்ந்துக்கிட்டு இருக்கோம். போன் அடிக்குது.

"தம்பி, நாங்க வந்து சேர்ந்துட்டோம். நீங்க எங்க?"

"எங்க வந்து சேர்ந்துட்டீங்க?"

"துறைமுகத்துக்குத்தான். எங்க டிரைவருக்கு ஷார்ட்கட் தெரிஞ்சிருக்கு. உங்க ஆளு சுத்திக்கிட்டுப் போறாரு போல, ஜாக்கிரதை, மீட்டரை ஏத்துவானுங்க."

30 மைலைப் பத்து நிமிஷத்துல கடக்குற ஷார்ட்கட்! எனக்கு உள்ளங்கை வேர்த்துருச்சு.

"சகல, எந்த டெர்மினல்னு எழுதியிருக்கு?"

"18."

மயாமி துறைமுகத்துல டெர்மினலுக்கு நம்பரே கிடையாதுங்க. எல்லாம் ஏ, பி, எஃப்னு எழுத்துதான். நம்பர் போட்டு வச்சிருக்கிறது போர்ட் எவர்கிளேட்ஸ்ல. வேன் புக் பண்றப்போ ஆப்ல "க்ரூஸ் போர்ட்"னு மட்டும் தட்டியிருக்காரு. ரெண்டு மைல்ல ஒரு துறைமுகம் இருக்கிறப்போ அது எதுக்கு 30 மைல் தள்ளித் தேடுது? ஆப்புக்கு இருக்கிற அறிவு...

"சகல, அது வேற துறைமுகம்."

"இல்ல தம்பி, கப்பல் நிக்குதே."

"கப்பல் பேரு என்னன்னு பாருங்க."

"பேரு அந்தப் பக்கம் இருக்கு போல. ஆனா நம்ம கப்பல்தான். வெள்ளையா, பெருசா இருக்கு."

வெள்ளையா, பெருசா! உலகத்துல இருக்கிற பாதி க்ரூஸ் கப்பலுக்கு இதுதான் அங்க அடையாளம். நான் கத்துறேன், அவரு "சிக்னல் சரியில்ல தம்பி"ங்கிறாரு, பின்சீட்லேருந்து மாமனார், "பெரிய மாப்பிள்ளை கரெக்டாத்தான் சொல்வாரு, நாமதான் தப்பான ரோட்டுல போறோமோ"ங்கிறாரு. டிரைவர் கண்ணாடி வழியா என்னைப் பார்க்குறாரு. அந்த வண்டியில எனக்குன்னு இருந்த ஒரே ஆதரவு அந்தப் பார்வைதான். கோல்டன் கிளேட்ஸ் சந்திப்புல நாலா பக்கத்து ரோடும் வந்து முட்டிக்கிட்டு எல்லாரும் நிக்கிறப்பவும் இதே பேச்சு. நம்ம கப்பல்தான், இல்ல, நம்மதுதான், இல்ல.

கடைசியில அவருக்குப் புரியவச்சது யாரு தெரியுமா? பெட்டி தூக்க வந்த போர்ட்டர். பெட்டியில கட்டியிருந்த டேக்கைப் பார்த்துட்டு, "சார், இந்தக் கப்பல் இங்கே இல்ல, மயாமில"ன்னு சொல்லியிருக்காரு. உடனே நம்பிட்டாரு! நான் தொண்டை கிழியச் சொன்னதை நம்பாத மனுஷன், முன்னப்பின்ன தெரியாதவர் ஒரே வாக்கியத்துல சொன்னதும் "ஓ, அப்படியா, தேங்க்ஸ்"னு வாங்கிக்கிட்டாரு. பெட்டி எடுத்துட்டுப் போகாததுக்கும் சேர்த்து அந்தப் போர்ட்டருக்குக் கோயில் கட்டணும்.

நாங்க கடலுக்கடியில போற சுரங்கப்பாதையில புகுந்து (2014ல திறந்தது, நல்லா இருக்கு, ரசிக்கிற நிலைமையிலதான் நான் இல்ல) துறைமுகத்துல இறங்கினப்போ மணி 2:20. மூணு மணிக்குக் கதவு மூடிடுவாங்க. இது கப்பல்காரனோட வீம்பு இல்லைங்க. கப்பல் கிளம்புறதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடி பயணிகள் பட்டியல் அரசாங்கத்துக்குப் போயாகணும், சட்டம். அதுக்கப்புறம் கேப்டனோட மாமனாரே வந்தாலும் கையாட்டி வழியனுப்பத்தான் முடியும். எங்க முன்னாடி எங்க கப்பல், ஆள் உயர எழுத்துல பேரோட நிக்குது. எங்ககிட்ட பாஸ்போர்ட் இல்ல. உள்ளே போகவும் முடியாது, அவரை விட்டுட்டுப் போகவும் முடியாது (இந்த ரெண்டாவது விஷயத்துல எனக்குக் கொஞ்சம் யோசனை இருந்துச்சு). மாமனார் அந்தப் பேரைப் படிச்சுட்டு மெதுவா கேட்குறாரு: "ஒரே பேர்ல ரெண்டு கப்பல் இருக்குமோ?"

2:50க்கு வந்து இறங்குறாரு. அவசரத்துக்குப் பிடிச்ச வேன், 160 டாலர். ஃபோல்டரைக் கையில உயர்த்திப் பிடிச்சுக்கிட்டு, கோப்பை ஜெயிச்ச கேப்டன் மாதிரி நடந்து வர்றாரு. முதல் வார்த்தை என்ன தெரியுமா? மன்னிப்பா? "பார்த்தீங்களா, இன்னும் பத்து நிமிஷம் இருக்கு."

ராத்திரி சாப்பாட்டுல மாமனார்கிட்ட சொல்லிக்கிட்டு இருக்காரு: "ஒரே செலவுல ரெண்டு துறைமுகத்தையும் பார்த்தாச்சு மாமா." மாமா பூரிச்சுப் போயிட்டாரு.

இதைச் சொன்னா, ஃப்ரெண்ட்ஸ்ல ஒரு கூட்டம் வந்து "ஏன், பிரைட்லைன் ரயில் இருக்கே"ன்னு ஆரம்பிப்பாங்க. இருக்கு ராசா. அந்த ஸ்டேஷன் ஃபோர்ட் லாடர்டேல் ஊருக்குள்ள, ஏர்போர்ட்ல இல்ல. அங்கே போக ஒரு வண்டி, மயாமில இறங்கி துறைமுகத்துக்கு இன்னொரு வண்டி, நடுவுல ரயில். பெட்டி படுக்கை, வீல்சேர் கேட்கிற மாமியார், எல்லாரையும் நீ ஏத்தி இறக்கு, நான் டிக்கெட் எடுத்துத் தர்றேன். ட்ரை-ரயில்ல போனா இன்னும் சீப்னு இன்னொருத்தன். அதுக்கும் ஏர்போர்ட்லேருந்து ஸ்டேஷனுக்கு ஷட்டில் பஸ் பிடிக்கணும். சீப்னு ஆரம்பிக்கிற எந்த வாக்கியத்தையும் நான் இப்போ முழுசாக் கேட்குறதில்ல.

திரும்பி வந்ததைச் சொல்லவே இல்லையே. காலைல கப்பல் கரை சேருற அன்னிக்கு மத்தியானத்துக்கு முன்னாடி ஃபிளைட் போடாதீங்கன்னு கப்பல்காரங்களே சொல்றாங்க. இவரு போட்டது காலை 10:30, அதுவும் அதே ஃபோர்ட் லாடர்டேல்லேருந்து. காரணம் உங்களுக்கே தெரியும். நாங்க ஓடின ஓட்டத்துல மாமியாரோட செருப்பு ஒண்ணு குடியுரிமைச் சோதனை வரிசையிலயே தங்கிடுச்சு.

இப்போ குரூப்ல நான் நிதானமா, மரியாதையா எழுதினேன்: "சகல, சான்ஃபோர்டு தூரம். போர்ட் கெனாவரலுக்கு மெல்பர்ன் ஏர்போர்ட்டே இதைவிடப் பக்கம்." அதுக்கு மாமியார், "ஆஸ்திரேலியாவா? அவ்ளோ தூரம் எதுக்கு மாப்பிள்ளை?"ன்னு கேட்குறாங்க (ஃப்ளோரிடாவுலயும் ஒரு மெல்பர்ன் இருக்குங்க). அதுக்கு ஒரு கூட்டமே சிரிச்சு எமோஜி போடுது. என் வீட்டம்மாவும். நானும் சிரிச்சுட்டேன், வேற என்ன பண்றது. நான் சிரிச்ச கேப்புல அவரு ஒம்போது பேருக்கும் போட்டுட்டாராம். "22 டாலர் மிச்சம்."

அதுகூடப் போகட்டும். பெட்டி எடை பார்க்கிற சின்னத் தராசு ஒண்ணு வச்சிருந்தேன், கொக்கி மாட்டித் தூக்குற மாதிரி. மயாமி போறதுக்கு முன்னாடி "ரெண்டு நாள்ல தந்துடுறேன் தம்பி"ன்னு வாங்கிட்டுப் போனாரு. இன்னும் வரல. கேட்டா, "அது உங்க பெட்டியிலதான் இருக்கும், நல்லாப் பாருங்க"ங்கிறாரு. என் பெட்டியில இல்லைங்க. கவுத்துக் கொட்டியே பார்த்துட்டேன்.