கிட்னி கொடுத்தவருக்கு யார் பிரஷர் பார்க்கிறார்கள்?

கிட்னி வாங்கியவர் தடிமனான ஃபைலோடு டாக்டர் அறைக்குள் போகிறார். கொடுத்த அம்மாவோ மனைவியோ வெளியே பெஞ்சில் பையைப் பிடித்தபடி உட்கார்ந்திருக்கிறார். (நம் நாட்டில் உயிரோடு இருக்கும்போது கிட்னி கொடுப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள்தான்.) அவருக்கென்று ஒரு ஃபைலே இருக்காது. என்னைக் கேட்டால், அவர் பெயரில் ஃபைல் போடாத குடும்பம் பாதி வேலையைத்தான் முடித்திருக்கிறது.

மிச்சமிருக்கும் ஒற்றைக் கிட்னி கொஞ்சம் பெரிதாகி, பழைய மொத்த வடிகட்டும் திறனில் 65–70 சதவீதம் வரை ஈடுகட்டிவிடும். 0.8 இருந்த கிரியேட்டினின் (கிட்னி வடிகட்டி வெளியேற்றும் ரத்தக் கழிவு) 1.1, 1.2 என்று நிற்பது அதனால்தான், பதற வேண்டாம். பிரஷர் விஷயம் வேறு. வயதால் ஏறுவது போக, 5 முதல் 10 வருடத்தில் சராசரியாக 5 புள்ளி கூடுகிறது என்கிறது 2006-இல் வந்த ஒரு தொகுப்பாய்வு. எல்லோருக்கும் ஏறாது, ஏறினாலும் பெரும்பாலும் உடம்பு சொல்லாது. “தலை சுத்தினா பாத்துக்கலாம்” என்று இருந்தால் வருடங்கள் ஓடிவிடும்.

புஜத்தில் கட்டும் டிஜிட்டல் மெஷின் வாங்குங்கள், மணிக்கட்டு மெஷின் வேண்டாம். காபி குடித்து அரை மணி நேரமாவது போகட்டும். சிறுநீர் கழித்துவிட்டு, முதுகு சாய்த்து, பாதம் தரையில் பட ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார வேண்டும். பட்டை நெஞ்சு மட்டத்தில், வெறும் கைமேல். காலையில் மாத்திரைக்கு முன் இரண்டு தடவை, மாலையில் இரண்டு தடவை, ஏழு நாள். முதல் நாளை விட்டுவிட்டு சராசரி போடுங்கள். 135/85 தாண்டினால் டாக்டரிடம் போங்கள்.

வருடம் ஒருமுறை கிரியேட்டினினோடு சிறுநீரில் அல்புமின் என்ற புரதம் கசிகிறதா என்று காட்டும் அல்புமின்–கிரியேட்டினின் விகிதமும் பார்க்கச் சொல்லுங்கள். சாதாரண யூரின் டெஸ்டில் சின்னக் கசிவு தெரியாது. விகிதம் 30 mg/g-க்கு மேல் போனால் அலட்சியம் கூடாது.

அதிகம் கெடுப்பது மெடிக்கல் ஷாப் மாத்திரைதான். முட்டி வலிக்கு டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக் என்று வாங்கிப் போட்டால் உப்பும் நீரும் உடம்பில் தங்கும், கிட்னிக்குப் போகும் ரத்தம் குறையும், பிரஷர் மாத்திரையும் சரியாக வேலை செய்யாது. வலிக்கு முதலில் பாரசிட்டமால்.

டெல்மிசார்டன் மாதிரி பிரஷர் மாத்திரை ஆரம்பித்தால் ஒன்றிரண்டு வாரத்தில் பொட்டாசியமும் கிரியேட்டினினும் பார்க்க வேண்டும். அதோடு, ‘லோ சோடியம்’ உப்பைக் கேட்காமல் வாங்காதீர்கள், அதில் பொட்டாசியம் இருக்கும். குழந்தைக்குத் திட்டமிடும் பெண் முன்கூட்டியே சொல்லி இந்த மாத்திரையை மாற்றிக்கொள்ள வேண்டும். கிட்னி கொடுத்ததையும் மகப்பேறு மருத்துவரிடம் முதல் நாளே சொல்லிவிட வேண்டும். 2015-இல் வந்த கனடா ஆய்வில், கொடுத்தவர்களின் கர்ப்பங்களில் 11 சதவீதத்தில் பிரஷர் சிக்கல் வந்தது. கொடுக்காதவர்களிடம் அது 5 சதவீதம்.