மறுபடி அடைத்த ஸ்டென்ட்டுக்குள் முதலில் எட்டிப் பாருங்கள்

"பழைய ஸ்டென்ட்ல மறுபடி அடைப்பு வந்திருக்கு, உள்ளயே இன்னொண்ணு வெச்சுடலாம்." ஆஞ்சியோ எடுத்த கையோடு, நோயாளி மேசையில் படுத்திருக்கும்போதே, வெளியில் நிற்கும் குடும்பத்திடம் இப்படிச் சொல்லிக் கையெழுத்து வாங்கும் பழக்கத்தைப் பற்றித்தான் எழுதுகிறேன். ஸ்டென்ட் என்பது இதய ரத்தக்குழாயை விரித்துப் பிடிக்கும் சின்னக் கம்பி வலைக் குழாய். இன்னொன்று வைப்பதே தப்பு என்று சொல்ல வரவில்லை. பழையது ஏன் அடைத்தது என்று பார்க்காமலே வைப்பதுதான் எனக்கு ஒப்பவில்லை.

ஆஞ்சியோகிராமில் தெரிவது ரத்தக்குழாய்க்குள் ஓடும் சாயத்தின் நிழல். நிழல் ஒடுங்கினால் அந்த இடத்தில் வழி குறுகியிருக்கிறது, அவ்வளவுதான் தெரியும். முதல் தடவை வைத்தபோதே ஸ்டென்ட் முழுசாக விரியாமல் போயிருக்கலாம். கம்பி எங்காவது முறிந்திருக்கலாம். உள்ளே சதை வளர்ந்திருக்கலாம். சில வருடங்கள் கழித்து அந்தச் சதைக்குள்ளேயே புதிதாகக் கொழுப்பும் கால்சியமும் படிந்திருக்கலாம். நிழலை வைத்து இவற்றைப் பிரித்துச் சொல்வது பெரும்பாலும் ஊகம்தான், ஆனால் வைத்தியம் ஒவ்வொன்றுக்கும் வேறு.

இதைப் பார்க்க வழி இருக்கிறது. ஓசிடி என்பது ஒளியால் படம் எடுப்பது, ஐவஸ் என்பது அல்ட்ராசவுண்டால் எடுப்பது. இரண்டிலும் மெல்லிய குழாய் ஒன்றை ரத்தக்குழாய்க்குள்ளேயே அனுப்புகிறார்கள். ஓசிடியில் சாயத்தைச் செலுத்தி ரத்தத்தைச் சில விநாடிகள் ஒதுக்கிவிட்டு, அந்த இடைவெளியில் ஸ்டென்ட் முழுவதையும் குறுக்குவெட்டாகப் படம் பிடித்துவிடுவார்கள். 10 முதல் 20 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்) வரை நுணுக்கமாகத் தெரியும். திரையில் ஸ்டென்ட்டின் ஒவ்வொரு கம்பியும் பளிச்சென்ற ஒரு புள்ளி, அதன் பின்னால் ஒரு கறுப்பு நிழல். புள்ளிகள் நல்ல வட்டமாக, குழாய்ச் சுவரை ஒட்டி நின்று, வட்டத்துக்குள்ளே வெளுப்பாக ஒரு தடித்த படலம் நிறைந்திருந்தால் அது சதை வளர்ச்சி. புள்ளிகளின் வட்டமே சின்னதாக, ஒரு பக்கம் நசுங்கி, அதற்கு வெளியே விளிம்பு தெளிவான ஒரு கருமையான பகுதி தெரிந்தால் அது கால்சியம். அந்த ஸ்டென்ட் ஒழுங்காக விரிந்ததே இல்லை.

இங்கே ஒரு சின்னக் கணக்கு. பெட்டியில் 3 மில்லிமீட்டர் என்று போட்ட ஸ்டென்ட் முழுசாக விரிந்தால் உள்ளே கிடைக்கும் பரப்பு சுமார் 7 சதுர மில்லிமீட்டர். கால்சியம் அமுக்கி அது 2 மில்லிமீட்டரில் நின்றுவிட்டால் பரப்பு 3 சொச்சம்தான், பாதிகூட இல்லை. இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் இடது பிரதான ரத்தக்குழாயைத் தவிர மற்ற இடங்களில் ஓசிடியில் 4.5, ஐவஸில் 5.5 சதுர மில்லிமீட்டருக்கு மேல் இருக்க வேண்டும் என்பது நிபுணர்கள் வைத்திருக்கும் அளவுகோல். விரியாத ஸ்டென்ட்டுக்குள் இன்னொரு ஸ்டென்ட் என்பது இறுக்கமான வளையலுக்குள் இன்னொரு வளையலை நுழைப்பது மாதிரி. இருக்கிற கொஞ்ச இடமும் போய்விடும், அப்புறம் அந்த இரண்டு அடுக்கையும் சேர்த்து விரிப்பது இன்னும் பெரிய பாடு.

அப்படிப்பட்ட ஸ்டென்ட்டை முதலில் விரிக்க வேண்டும். உயர் அழுத்த பலூன், அதற்கும் மசியவில்லை என்றால் கால்சியத்தை அதிர்வலையால் உடைக்கும் பலூன், சில இடங்களில் லேசர். வெறும் சதை வளர்ச்சி என்றால் அதைக் கீறி வழிவிடும் பலூன், அப்புறம் சதை மறுபடி வளராமல் தடுக்கும் மருந்து பூசிய பலூன். புதிதாக உலோகம் எதையும் உள்ளே விட்டுவர வேண்டாம். கம்பி முறிந்திருந்தாலோ, அடைப்பு ஸ்டென்ட்டின் ஓரத்தில் இருந்தாலோ இன்னொரு ஸ்டென்ட் நியாயம்தான்.

மருந்து பூசிய பலூன் பற்றி இப்போது நிறையப் பேச்சு. அமெரிக்காவில் 600 பேரிடம் நடந்த ஏஜென்ட் ஆய்வில், சாதாரண பலூன் போட்டவர்களில் 28.6 சதவீதம் பேருக்கு ஒரு வருடத்துக்குள் மறுபடி அதே இடத்தால் பிரச்சினை வந்தது, மருந்து பூசிய பலூனில் அது 17.9 சதவீதம். 2024இல் அங்கே அந்த பலூனுக்கு அனுமதியும் கிடைத்தது. நல்ல விஷயம்தான். ஆனால் விரியாத ஸ்டென்ட்டில் மருந்தை மட்டும் தடவிவிட்டு வந்தால் என்ன பயன்?

"நீங்க சாப்பாட்டுல கட்டுப்பாடா இல்ல, அதான் அடைச்சுக்கிச்சு" என்று நோயாளி தலையில் பழியைப் போடுவதுதான் எனக்குத் தாங்க முடியாத எரிச்சல். சர்க்கரையும் புகைப்பழக்கமும் நிலைமையை மோசமாக்கும், மறுக்கவில்லை. ஆனால் முதல் நாளே விரியாமல் போன ஸ்டென்ட்டுக்கு நோயாளி என்ன செய்வார்? படம் எடுத்துப் பார்க்காதவரை அந்தப் பழிக்கு ஆதாரமே கிடையாது.

எதிர்வாதங்கள் உண்டு. செலவு கூடும், நேரம் பிடிக்கும், ஓசிடிக்குக் கூடுதல் சாயம் வேண்டும். சிறுநீரகம் பலவீனமானவர்களுக்குச் சாயம் நிஜமான கவலைதான், அவர்களுக்கு ஐவஸ் இருக்கிறது. அதற்குச் சாயம் தேவையில்லை, ஆழமாகவும் பார்க்கும், நுணுக்கம் மட்டும் குறைவு. மாரடைப்போடு நள்ளிரவில் வருபவரிடம் முதல் வேலை ரத்த ஓட்டத்தைத் திறப்பது, அதிலும் சண்டை இல்லை. ஆய்வுகளும் ஒரே குரலில் பேசவில்லை. 2023இல் வந்த இலுமியன் 4 ஆய்வில் ஓசிடி பார்த்து வைத்த ஸ்டென்ட்டுகள் நன்றாக விரிந்தன, ஆனாலும் 2 வருடத்தில் மொத்தப் பாதிப்புகளில் பெரிய வித்தியாசம் வரவில்லை. அதே வருடம் தென்கொரியாவில் சிக்கலான அடைப்புகள் உள்ள 1639 பேரிடம் நடந்த ரெனோவேட் ஆய்வில், இதய மரணம், மாரடைப்பு, மறுசிகிச்சை எல்லாம் சேர்த்து, ஆஞ்சியோவை மட்டும் நம்பியவர்களிடம் 12.3 சதவீதம், உள்ளே படம் பார்த்துச் செய்தவர்களிடம் 7.7. ஸ்டென்ட்டுக்குள் மறுபடி வந்த அடைப்பும் அங்கே சிக்கலானவற்றின் பட்டியலில் இருந்தது. முதல் ஸ்டென்ட்டுக்கு எல்லோருக்கும் இது வேண்டுமா என்று வாதாடலாம், ஒரு முறை தோற்றுப்போன இடத்தில் வாதாட எனக்கு எதுவும் தெரியவில்லை. ஏற்கெனவே இரண்டு அடுக்கு உலோகம் இருக்கும் இடத்தில் மூன்றாவது என்று பேச்சு வந்தால், பைபாஸ் பற்றியும் பேசிவிட்டு முடிவெடுங்கள்.

அவசரம் இல்லாத நிலையில் கையெழுத்து கேட்டால், "ஐவஸ் இல்லன்னா ஓசிடி பார்த்தீங்களா டாக்டர், ஏன் அடைச்சிருக்கு?" என்று தாராளமாகக் கேளுங்கள். அங்கே அந்த வசதி இல்லை என்றால், இருக்கும் இடத்துக்குப் போக அவகாசம் இருக்கிறதா என்று கேளுங்கள். சிகிச்சை முடிந்ததும் டிஸ்சார்ஜ் சம்மரியில் அடைப்புக்கான காரணமும், கடைசியில் கிடைத்த பரப்பு எத்தனை சதுர மில்லிமீட்டர் என்பதும் இருக்கிறதா பாருங்கள், படப் பதிவின் பிரதியையும் வாங்கிக்கொள்ளுங்கள். பழைய ஸ்டென்ட்டின் அளவும் நீளமும் போட்ட அட்டை வீட்டில் எங்காவது கிடக்கும், அதையும் தேடி எடுத்துக்கொண்டு போங்கள்.