கங்காவை யார் கெடுத்தது?

ஜெயகாந்தனின் 'சில நேரங்களில் சில மனிதர்கள்' நாவல் பற்றிப் பேச்சு வந்தாலே பிரபு நல்லவனா கெட்டவனா என்றுதான் எல்லோரும் சண்டை போடுகிறார்கள். எனக்கு அந்த நாவலில் பிரபு அவ்வளவு முக்கியமே இல்லை. மழையில் நின்ற கல்லூரி மாணவி கங்காவைக் காரில் ஏற்றிக்கொண்டு போய்க் கெடுத்தவன் அவன், அதை மழுப்பவில்லை, ஆனால் கங்காவின் வாழ்க்கை நாசமானது அவன் காரில் இல்லை, அவள் வீடு வந்து சேர்ந்த பிறகுதான்.

இதே சம்பவத்தை வைத்து ஜெயகாந்தன் 1966இல் ஆனந்த விகடனில் 'அக்கினிப் பிரவேசம்' என்று ஒரு சிறுகதை எழுதினார். அதில் அம்மா முதலில் மகளைப் போட்டு அடிக்கிறாள், அப்புறம் தலையில் தண்ணீரைக் கொட்டி, நீ சுத்தம் என்று சொல்லி விஷயத்தை அங்கேயே முடித்துவிடுகிறாள். பெரிய கூச்சல் கிளம்பியது. சரி, அந்த அம்மா ஊரைக் கூட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் பாருங்கள் என்று மனுஷன் ஒரு நாவலையே எழுதி நீட்டிவிட்டார். அண்ணன் வீட்டை விட்டுத் துரத்துகிறான், அம்மாவின் அண்ணன் வெங்கு மாமா படிக்க வைக்கிறார், கங்கா பெரிய உத்தியோகத்துக்கு வருகிறாள், ஆனால் அந்த ஒரு ராத்திரியை விட்டு அவளை நகர யாரும் விடவில்லை.

இதில் என்னை அசத்துவது, அதே கதையை ஆர்.கே.வி. என்கிற எழுத்தாளர் எழுதியதாக வைத்து, கங்காவையே பத்திரிகையில் படிக்க வைக்கிறாரே, அந்த இடம்தான். கதைக்குள் இருக்கிற பெண்ணுக்கு ஒரு நல்ல அம்மா கிடைத்துவிட்டாள், படிக்கிறவளுக்குக் கிடைக்கவில்லை. தான் எழுதிய கதையையே இப்படிக் கேள்வி கேட்க எத்தனை பேருக்குத் துணிச்சல் வரும்?

வெங்கு மாமாதான் நிஜ வில்லன். சட்டம் தெரிந்தவர், சாஸ்திரம் பேசுகிறவர், சோறு போட்டவர் என்கிற உரிமையில் கங்கா மேலேயே கை நீள்கிறது. பிரபுவையாவது பார்த்ததும் அடையாளம் தெரியும், இவரை எந்த வீட்டிலும் காலில் விழுந்து கும்பிடுவார்கள்.

குறையும் இருக்கிறது. சில பக்கங்களில் பாத்திரங்கள் எல்லோரும் ஜெயகாந்தன் மாதிரியே மேடையில் ஏறிவிடுகிறார்கள். முடிவிலும் எனக்குக் கோபம் உண்டு. இவ்வளவு தெளிவாக யோசிக்கிற ஒருத்தியைக் கடைசியில் குடியில் கொண்டுபோய்த் தள்ளியதை என்னால் ஏற்க முடியவில்லை. பல வருஷம் கழித்து மறுபடி அவள் வாழ்க்கையில் வந்த பிரபு போனால் போகட்டுமே, அவளுக்கு வேலை இருக்கிறது, சம்பளம் இருக்கிறது, பிரபுவின் மகள் மஞ்சுவின் சிநேகிதம்கூட இருந்தது!

1977இல் வந்த படத்தில் லட்சுமி பிரமாதம், தேசிய விருதே வாங்கினார். ஆனால் படம் பார்த்தாயிற்று, போதும் என்று புத்தகத்தை ஒதுக்காதீர்கள். கங்கா தனக்குள்ளேயே பேசிக்கொள்வது அதில்தான் முழுசாக இருக்கிறது. சிறுகதையை முதலில் படித்துவிட்டு நாவலுக்குப் போங்கள்.