வயிற்றில் வைத்த கை

இளவரசர் ஹாரியின் மனைவி மேகனைத் திட்டி பிரிட்டிஷ் தொலைக்காட்சிக்காரர் ஜெரமி க்ளார்க்சன் எழுதிய பத்தியைப் பற்றி வாய் திறந்தால் போதும், "அதுல நிறவெறி எங்கேங்க? ஒரு வார்த்தையைக் காட்டுங்க பார்ப்போம்" என்று யாராவது வந்துவிடுகிறார்கள். காட்ட முடியாதுதான். பிரச்சினையே அதுதானே!

2022 டிசம்பரில் பிரிட்டனின் சன் பத்திரிகையில் வந்தது. மேகனைத் தெருத்தெருவாக நிர்வாணமாக நடத்திக் கூட்டம் மலத்தை எறிய வேண்டுமாம். ஐயாவுக்கு அப்படியொரு கனவு. 25,000-க்கும் மேல் புகார் போனது. இப்சோ, அதாவது பத்திரிகைகளே காசு போட்டு நடத்தும் புகார் அமைப்பு, 2023 ஜூனில் தீர்ப்புச் சொன்னது: பெண் என்பதை வைத்து இழிவுபடுத்தியது உண்மை, இனத்தை வைத்து என்பது ஏற்கப்படவில்லை.

ஏன் என்று விதியைப் பார்த்தால் புரியும். 12ஆம் பிரிவு கேட்பது, குறிப்பிட்ட ஒரு நபரின் இனம், நிறம், பாலினம் பற்றி இழிவான குறிப்பு இருக்கிறதா என்று மட்டும்தான். ஓர் இனத்தையே மொத்தமாகத் திட்டினால் அந்தப் பிரிவில் வராது. அதே பத்திரிகை அரச குடும்பத்தின் இன்னொரு மருமகளை, அதாவது வில்லியமின் மனைவி கேட்டை, எப்படி எழுதியது என்பதும் வராது. நிறவெறி ஒளிந்திருப்பதோ இரண்டு கட்டுரைகளுக்கு நடுவில்.

நீங்களே சோதித்துப் பாருங்கள். பத்திரிகை ஒன்றாக இருக்கட்டும். இல்லாவிட்டால் "ஆசிரியர் வேறு" என்று நழுவிவிடுவார்கள். செயலும் ஒன்றாக இருக்கட்டும். டெய்லி மெயிலின் இணையதளம், 2018 மார்ச்: கர்ப்பிணி கேட் வயிற்றைக் கனிவோடு தாங்கிக்கொள்கிறார். 2019 ஜனவரி, அதே இணையதளம்: மேகனால் ஏன் வயிற்றிலிருந்து கையை எடுக்கவே முடியவில்லை? பெருமையா, பகட்டா, நடிப்பா? இதற்கு நிபுணர்களை வேறு கூப்பிட்டுக் கேட்டார்கள்! பிரிட்டனின் டெய்லி எக்ஸ்பிரஸுக்கு வாருங்கள். 2017-இல் அவகாடோ கேட்டின் மசக்கைக்கு மருந்து. 2019-இல் மேகன் தின்றதும் அதுவே வறட்சி, மனித உரிமை மீறல். மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்போம். இங்கே உடைத்த இரண்டு பேருமே மருமகள்கள்.

"கேட்டையும் விட்டு வைக்கலையே?" உண்மைதான். கல்யாணத்துக்குக் காத்துக் கிடக்கிறவள் என்று பட்டப்பெயர் வைத்தார்கள், அம்மா விமானப் பணிப்பெண்ணாக இருந்ததைக் கிண்டலடித்தார்கள். பெண் என்பதற்காகவும் குடும்ப அந்தஸ்துக்காகவும் விழுந்த அடி அது. மேகனுக்கு அதோடு இன்னொன்றும் சேர்ந்து விழுந்தது. காதல் வெளியே தெரிந்த 2016 நவம்பரிலேயே, அவர் ரத்தத்தால் அரச குடும்பத்துக்கு 'எக்ஸாட்டிக் டிஎன்ஏ', அதாவது அயல்வாசனை மரபணு, வரும் என்று ஞாயிறு பத்தி ஒன்று பூரித்தது. வார்த்தை கேட்டவருக்கு இது போதுமா?

"மாளிகை, நெட்ஃபிளிக்ஸ் காசு எல்லாம் இருக்கே?" இருக்கட்டுமே. அதனால்?

2019 அக்டோபரில் 72 பிரிட்டிஷ் பெண் எம்.பி.க்கள், மேகன் பற்றிய செய்திகளில் 'காலனிய வாடை' என்று கையெழுத்துப் போட்டே சொன்னார்கள். 2021 மார்ச்சில் அந்நாட்டுப் பத்திரிகை ஆசிரியர்கள் சங்கம் எங்கள் ஊடகத்தில் நிறவெறியே கிடையாது என்று அறிக்கை விட்டது. சொந்தத் தொழில்காரர்களே கொதித்தெழ, இரண்டே நாளில் அதன் நிர்வாக இயக்குநர் பதவி விலகினார். அவர்களே ஒப்புக்கொள்ளாத நற்சான்றிதழை இங்கே நம்மாட்கள் விநியோகிக்கிறார்கள்.

சரி, விடுங்கள். எனக்கு ஒன்றுக்கு மட்டும் பதில் சொல்லுங்கள். அந்த ஒன்பது மாதமும் மேகன் கையை எங்கேதான் வைத்திருக்கணும்?