ஃபைசாபாத் வாக்காளர் யாருக்குக் கடன்பட்டார்?

2024 ஜூன் 4இல் நாடாளுமன்றத் தேர்தல் முடிவு வந்தபோது, ராமர் கோயில் இருக்கும் அயோத்தியை உள்ளடக்கிய ஃபைசாபாத் தொகுதியில் பாஜக தோற்றது. அன்று மாலையிலிருந்து அத்தொகுதி வாக்காளர்களைத் திட்டித் தீர்க்கும் காணொளிகளை நீங்களும் பார்த்திருப்பீர்கள். கோயில் கட்டித் தந்தவர்களுக்கு நன்றி மறந்தவர்கள், இனி அயோத்திக்குப் போகிறவர்கள் அங்கே எந்தப் பொருளும் வாங்கக் கூடாது என்கிற அளவுக்குப் பேச்சு போயிருக்கிறது. அவற்றில் ஒன்றை, நான் பல ஆண்டுகளாக மதித்து வரும் நண்பர் ஒருவர், சரியாகத்தானே சொல்கிறார் என்று எழுதிப் பகிர்ந்திருந்தார். அதைப் படித்ததிலிருந்து எனக்கு மனம் ஆறவில்லை.

வாக்கை நன்றிக்கடனாகச் செலுத்த வேண்டும் என்று எந்தச் சட்டத்தில் எழுதியிருக்கிறது? அந்தக் கோயிலே மக்கள் கொடுத்த நன்கொடையில் எழுந்தது. அதற்குப் போகும் சாலைகளை அகலப்படுத்தியபோது கடையையும் வீட்டையும் இழந்தவர்கள், இழப்பீடு போதவில்லை என்று வாக்குப்பதிவுக்கு வெகுநாள் முன்பிருந்தே முறையிட்டு வந்தார்கள். பொதுத் தொகுதியில் தலித் வேட்பாளரான அவதேஷ் பிரசாதைச் சமாஜ்வாதி கட்சி நிறுத்தியது. அவர் 54,567 வாக்குகள் வித்தியாசத்தில் வென்றார். இதில் இன்னொன்றையும் கவனியுங்கள்: தொகுதியின் ஐந்து சட்டமன்றப் பகுதிகளில் அயோத்தியில் மட்டும் பாஜகதான் சற்று முன்னிலை பெற்றது. கடையில் எதுவும் வாங்காதே என்று யாரைத் தண்டிக்கச் சொல்கிறார்களோ, அவர்களில் பலர் பாஜகவுக்கே வாக்களித்தவர்கள். இதைக்கூடத் தெரிந்துகொள்ளாமல் ஓர் ஊரையே வைவதற்கு எப்படி மனம் வந்தது?

ஏமாற்றம் எனக்குப் புரிகிறது. 303 இடங்களில் இருந்த பாஜக 240க்கு இறங்கி, பெரும்பான்மைக்கான 272ஐ எட்டத் தெலுங்கு தேசத்தின் 16 பேரையும் ஐக்கிய ஜனதா தளத்தின் 12 பேரையும் நம்ப வேண்டிய நிலை வந்திருக்கிறது. மும்பை வடமேற்கில் வெற்றியும் தோல்வியும் 48 வாக்குகளில் தீர்மானமாயின. இவ்வளவு நெருங்கி முடியும் தேர்தலில் தோற்றவர்கள் காரணத்தைத் தேடாமல் ஆளைத் தேடுகிறார்கள்; கடைசியில் கையில் சிக்குவது வாக்காளர்.

நான் எந்தக் கட்சிக்காகப் பேசுகிறேன் என்று கேட்பவர்களுக்கும் சொல்லிவிடுகிறேன். 2019 முடிவு வந்தபோது வட மாநில மக்களுக்கு அறிவில்லை என்று இங்கே எத்தனை பேர் எழுதினார்கள்! 2023 டிசம்பரில் நம் மாநில உறுப்பினர் ஒருவரே நாடாளுமன்றத்தில் அம்மாநிலங்களை இழித்துப் பேசிவிட்டுப் பிறகு மன்னிப்புக் கேட்டார். அப்போதும் எனக்கு இதே கோபம்தான் வந்தது. ஆனால் அப்போது நான் எதையும் எழுதவில்லை, எழுதியிருக்க வேண்டும்.

பணம் வாங்கிக்கொண்டு வாக்களிப்பவர்களுக்கு என்ன மரியாதை என்பது அடுத்த கேள்வி. 2019இல் வேலூர் தேர்தலே பணம் பிடிபட்டதால்தான் ரத்தாயிற்று, மறுக்கவில்லை. ஆனால் மூட்டை மூட்டையாகக் கொண்டுவந்தவரை விட்டுவிட்டு, கை நீட்டியவரை மட்டும் ஏசுவது நியாயமாகாது. இதற்கு மேல் அந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்லப் போவதில்லை.

எனக்கு ஏன் இவ்வளவு வலிக்கிறது என்றால், இந்தக் கோபம் பேச்சோடு நிற்பதில்லை. 2009 நாடாளுமன்றத் தேர்தல் முடிந்த சில நாட்களில் எங்கள் தெருவுக்கு வந்துகொண்டிருந்த தண்ணீர் லாரி நின்றுபோனது. கேட்கப் போனவர்களிடம் உள்ளூர்ப் பிரமுகர் ஒருவர், உங்கள் பெட்டியில் எங்களுக்கு எத்தனை விழுந்தது என்பது எங்களுக்குத் தெரியும் என்று முகத்துக்கு நேராகச் சொன்னார். அவர் சொன்னதில் பொய் இல்லை. ஒவ்வொரு வாக்குச்சாவடியிலும் யாருக்கு எத்தனை என்பது இறுதி முடிவுத் தாளான படிவம் 20இல் தனித்தனியே வெளியாகிறது. அந்தக் கோடை முழுவதும் என் அம்மா முக்கால் கிலோமீட்டர் நடந்து குடம் சுமந்தார். அம்மா யாருக்கு வாக்களித்தார் என்பது எனக்கே இன்றுவரை தெரியாது. ஆனாலும் தண்டனை வீட்டு வாசலுக்கு வந்துவிட்டது.

பல சாவடிகளின் இயந்திரங்களை இணைத்து மொத்தக் கணக்கை மட்டும் காட்டும் கருவியைத் தேர்தல் ஆணையம் 2008இலேயே முன்மொழிந்தது. சட்ட ஆணையமும் 2015இல் தன் 255ஆம் அறிக்கையில் அதைப் பரிந்துரைத்தது. மத்திய அரசு ஏற்கவில்லை. எந்தத் தெருவில் வாக்குக் குறைந்தது என்று கட்சிகள் தெரிந்துகொண்டால்தான் அங்கே நன்றாக உழைக்க முடியும் என்று வாதிடுகிறவர்கள் இருக்கிறார்கள். எங்கள் தெருவுக்கு வந்து சேர்ந்த உழைப்பு எது என்பதை மேலே சொல்லிவிட்டேன்.

2024 ஏப்ரல் 19 காலையில் அம்மாவை வாக்குச்சாவடிக்கு அழைத்துப் போனேன். வரிசையில் நிற்கும்போது மெதுவாகக் கேட்டார்: "இந்தத் தடவையும் நம்ம பெட்டியத் தனியாத்தான் எண்ணுவாங்களா?" ஆமாம் என்றேன். ஒன்றும் சொல்லாமல் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு உள்ளே போனார்.